கணிப்பொறிக்குப் புதிய எஸ்.எம்.பி.எஸ். தேவையா?



வீட்டில் ஒருவருக்கு உடல்நலம் குன்றினால் ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். பாட்டி மிளகுக் கஷாயம் என்பார். பக்கத்து வீட்டு அத்தை ஊசி போட்டால்தான் சரியாகும் என்பார். நோய் என்னவென்று கேட்பவர் ஒருவரும் இருக்கமாட்டார். சென்ற ஆண்டு எங்கள் வீட்டுக் கணிப்பொறிக்கு நோய் வந்தபோது இதே கதைதான் நடந்தது. மருந்து வாங்கப் புறப்படுமுன் நோயைக் கண்டறிய நாங்கள் செய்த முயற்சியை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரையை எழுதுகிறேன். இதில் நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடமும் இருக்கிறது. ஓர் ஏழைக் குடும்பத்தின் பணமும் இருக்கிறது. அதைவிடப் பெரிய ஒன்றும் இருக்கிறது. அது என்னவென்று கட்டுரையின் நடுவில் அறிவீர்கள்.

எங்கள் வீடும் எங்கள் கணிப்பொறியும்

கொடைக்கானலிலிருந்து வில்பட்டி வழியாக வந்தால் எங்கள் ஊராகிய பள்ளங்கியை அடையலாம். என் தந்தை விவசாயி. காரட்டும் பூண்டும் பயிரிடுகிறார். 2019 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற நமது கொடைக்கானல் மலைப்பூண்டைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அந்தப் பூண்டுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

என் அண்ணன் கல்யாண வீடியோக்களைக் கணிப்பொறியில் வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்துக் கொடுக்கும் தொழில் செய்கிறார். அதற்காக இரண்டாம் கையாக வாங்கிய கணிப்பொறி அது. நானும் அதில்தான் பாடங்களைப் பார்க்கிறேன்.

திடீரென்று மாலை நேரங்களில் அது தானாக அணையத் தொடங்கியது. ஒருநாள் மூன்று மணி நேரம் செய்த வேலை ஒரு நொடியில் போயிற்று. அண்ணன் அன்றிரவு முழுவதும் விழித்திருந்து மீண்டும் செய்தார். நகரத்துக் கடையில் விசாரித்தபோது, “எஸ்.எம்.பி.எஸ். வலுவிழந்துவிட்டது. 650 வாட் போட்டுவிடுங்கள். கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் தாங்கும்” என்றார்கள். விலை ஏறத்தாழ ஐயாயிரம் ரூபாய்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களைப் பரணை அண்ணாந்து பார்த்தார். அங்கே அடுத்த நடவுக்கு வைத்திருந்த விதைப்பூண்டு கட்டித் தொங்கியது. விதையை விற்றால் இன்று பணம் வரும். நடவு வரும்போது கூடுதல் விலை கொடுத்து வாங்க வேண்டும். அண்ணனின் பிழைப்பு ஒரு பக்கம், அப்பாவின் நடவு மறுபக்கம். எனக்கு அன்று படிப்பில் மனம் செல்லவில்லை.

மறுநாள் அறிவியல் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “வாங்கலாமா வேண்டாமா என்பது கடைசிக் கேள்வி. அதற்கு முந்தின கேள்விகளை எழுதிக்கொண்டு வா” என்றார். நான்கு கேள்விகள் எழுதினேன். அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது? எங்கள் கணிப்பொறிக்கு எவ்வளவு மின்திறன் வேண்டும்? இருக்கும் பெட்டி எவ்வளவு தரும்? குறை உண்மையிலேயே அந்தப் பெட்டியில்தான் இருக்கிறதா?

பெட்டி செய்யும் வேலை

நம் வீட்டுச் சுவரில் கிடைப்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். அது நொடிக்கு 50 முறை அலைகிறது. கணிப்பொறியின் உறுப்புகளுக்கு வேண்டியதோ 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்னும் சிறிய நேர்திசை மின்னழுத்தங்கள். ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தருவதே எஸ்.எம்.பி.எஸ். பெட்டியின் வேலை. மஞ்சள் கம்பியில் 12 வோல்ட், சிவப்புக் கம்பியில் 5 வோல்ட், ஆரஞ்சுக் கம்பியில் 3.3 வோல்ட் வரும். கறுப்புக் கம்பி பொதுக்கம்பி.

முற்காலத்தில் இதற்குக் கனமான இரும்பு மின்மாற்றிகளைப் பயன்படுத்தினார்கள். அவை மிகவும் சூடாகும். எஸ்.எம்.பி.எஸ். வேறு வழியில் வேலை செய்கிறது. சுவர் மின்சாரத்தை முதலில் ஏறத்தாழ 325 வோல்ட் நேர்திசை மின்சாரமாக்கி ஒரு மின்தேக்கியில் சேர்க்கிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடித் துண்டுகளாக்குகிறது. அலைவு வேகம் கூடும்போது சிறிய மின்மாற்றியே போதுமானதாகிறது. 1977 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆப்பிள் 2 கணிப்பொறிக்கு ராட் ஹோல்ட் என்னும் பொறியாளர் இவ்வகைப் பெட்டியை அமைத்தார். அதனால் அந்தக் கணிப்பொறி எடை குறைந்து, வெப்பமும் குறைந்து, சிறியதாக அமைந்தது. இன்று மேசைக் கணிப்பொறிகளில் உள்ள பெட்டியின் வடிவமும் கம்பிகளும் பெரும்பாலும் இன்டெல் நிறுவனம் 1995 ஆம் ஆண்டில் வகுத்த ஏ.டி.எக்ஸ். முறையை ஒட்டியவை. ஆகவே ஒரு பெட்டியைக் கழற்றி வேறொன்றைப் பொருத்துவது எளிது. எளிது என்பதாலேயே அது தேவை என்று ஆகிவிடாது அன்றோ?

எவ்வளவு வேண்டும்?

அண்ணனும் நானும் ஒரு நோட்டில் கணக்குப் போட்டோம். எங்கள் கணிப்பொறியின் மூளை 2015 ஆம் ஆண்டில் வெளியான இன்டெல் ஐ5-6500. அதன் வெப்ப அளவு 65 வாட் என்று நிறுவனமே குறித்துள்ளது. மதர்போர்டுக்கும் நினைவகத்துக்கும் சேர்த்துத் தாராளமாக 40 வாட் வைத்தோம். ஹார்டு டிஸ்க்குக்கு 8, எஸ்.எஸ்.டி.க்கு 3, விசிறிகளுக்கு 6. ஆகமொத்தம் 122 வாட்!

அண்ணன் வாங்க ஆசைப்படும் கிராபிக்ஸ் கார்டு 2019 ஆம் ஆண்டில் வெளியான ஜி.டி.எக்ஸ். 1650. அதன் அளவு 75 வாட். மதர்போர்டில் கார்டு செருகும் நீண்ட இடம் தரக்கூடிய உச்ச அளவும் 75 வாட்தான். அதையும் சேர்த்தால் 197 வாட். எல்லா உறுப்புகளும் ஒரே நேரத்தில் முழுமூச்சாக உழைக்கும் அரிய நேரத்துக் கணக்கு இது. எந்தப் பெட்டியையும் அதன் எல்லைவரை விரட்டக்கூடாது என்பதற்காக மேலும் பாதி சேர்த்தோம். 300 வாட் வந்தது. அந்தக் கார்டைச் செய்த நிறுவனம் பரிந்துரைக்கும் அளவும் 300 வாட்தான் என்று பிறகு அறிந்தபோது எங்கள் கணக்கின்மேல் எங்களுக்கே மதிப்பு வந்தது. 650 எங்கே, 300 எங்கே!

அம்மாவுக்கு வேறொரு கவலை. “650 வாட் பெட்டி போட்டால் கரண்டு பில் ஏறிவிடாதா?” என்று கேட்டார். ஏறாது. பெட்டியின் மேல் எழுதியிருப்பது அது தரக்கூடிய அளவு. எந்நேரமும் எடுக்கும் அளவு அன்று. பெரிய அண்டாவில் ஒரு படி அரிசி போட்டால் ஒரு படிச் சோறுதான் வேகும். கணிப்பொறி கேட்பது 122 வாட் என்றால் 650 வாட் பெட்டியும் 122 வாட்தான் கொடுக்கும். ஆனால் ஒரு படிச் சோற்றுக்காக அண்டா வாங்கக் கடன்படுவது அறிவுடைமை ஆகாது.

இருக்கும் பெட்டி எவ்வளவு தரும்?

எங்கள் பழைய பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. “450 இருக்கும்போது 300க்கு என்ன குறை?” என்று நான் மகிழ்ந்தேன். சிஸ்டர், “பெரிய எழுத்தைப் படித்தது போதும். சின்ன எழுத்தைப் படித்துவிட்டு வா” என்றார்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சிறிய அட்டவணை ஒட்டியிருக்கிறது. 12 வோல்ட்டுக்கு நேரே 15 ஆம்பியர் என்று இருந்தது. மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கி வருவது என்று படித்திருக்கிறோம். 12ஐ 15ஆல் பெருக்கினால் 180 வாட். இக்காலக் கணிப்பொறியில் மூளையும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட் வழியாகவே உண்கின்றன. ஆகவே நமக்குப் பயன்படும் அளவு 450 அன்று, 180தான். மற்ற வோல்ட்டுகளில் மிகுதியாக இருந்து என்ன பயன்? பரண் நிறைய உப்பு இருந்தாலும் அரிசிப் பானை காலியாக இருந்தால் சமையல் நடக்காது.

இந்த 180ஐ வைத்து மீண்டும் கணக்கிட்டோம். கார்டு இல்லாத இன்றைய நிலையில் 12 வோல்ட் வழியாகச் செல்வது ஏறத்தாழ 85 வாட். அதாவது பாதிக்கும் குறைவு. பெட்டிக்கு இது சிரமமே இல்லை. கார்டைச் சேர்த்தால் 160 வாட் ஆகும். அதாவது பத்தில் ஒன்பது பங்கு. பல ஆண்டுகள் உழைத்த பெட்டிக்கு அது தாங்காத சுமை. பெட்டியினுள் உள்ள மின்தேக்கிகள் வெப்பத்தால் மெல்ல மெல்ல உலர்ந்து வலுவிழக்கின்றன.

ஆகவே இரண்டு விடைகள் கிடைத்தன. கார்டு வாங்கும் நாளில் புதிய பெட்டி தேவை. இன்றைய கணிப்பொறிக்கோ பழைய பெட்டியே போதும்.

போதும் என்றால், ஏன் அணைகிறது?

இந்தக் கேள்விதான் எங்களைப் பெரிய ஆபத்திலிருந்து காத்தது.

நமது மலையில் உள்ள சூரிய ஆய்வகத்தில் 1909 ஆம் ஆண்டில் ஜான் எவர்ஷெட் என்னும் அறிஞர் சூரியப் புள்ளிகளில் வாயுக்கள் பாய்ந்தோடுவதைக் கண்டுபிடித்தார். ஊகித்துச் சொன்னதன்று அது. நிறமாலையின் கோடுகள் மிகச் சிறிதளவு விலகியிருந்ததைக் கூர்ந்து அளந்து சொன்னது. நாமும் அளந்து பார்ப்போமே என்று தோன்றியது.

முதலில் ஒரு வாரம் குறிப்பெடுத்தேன். கணிப்பொறி அணைந்த நேரம், அப்போது வீட்டில் ஓடிய மின்கருவிகள் ஆகிய இரண்டையும் எழுதினேன். அந்த வாரத்தில் ஏழு முறை அணைந்தது. ஏழும் மாலை ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்! காலையில் ஒருமுறைகூட இல்லை. ஏழில் ஆறு முறை, குளிக்க வெந்நீர் வைக்கும் ஹீட்டர் ராடு ஓடிக்கொண்டிருந்தது. அவ்வேளைகளில் விளக்கும் லேசாகச் சிமிட்டியது. பெட்டிக்கு நோய் என்றால் அது மணி பார்த்தா வரும்?

இரண்டாவதாக, கணிப்பொறியைத் திரையில் மின்னழுத்தம் காட்டும் பயாஸ் பக்கத்துக்குக் கொண்டுசென்று பார்த்தோம். 12 வோல்ட் பெட்டியில் ஐந்து சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம். அதாவது 11.4 முதல் 12.6 வரை வரலாம். எங்களுடையது 12.0 காட்டியது. குறை இல்லை. கணிப்பொறி கடுமையாக உழைக்கும்போது என்ன காட்டும் என்பதை அந்தப் பக்கம் சொல்லாது. ஆயினும் இது நல்ல அறிகுறி.

மூன்றாவதாக, அண்ணன் கணிப்பொறியை அடுத்த தெருவிலுள்ள சித்தப்பா வீட்டுக்குத் தூக்கிச் சென்றார். இரண்டு மாலைகள் அதே வீடியோ வேலையை அங்கே செய்தார். ஒருமுறைகூட அணையவில்லை! அதே பெட்டி, அதே வேலை, அதே நேரம். மாறியது வீடு மட்டுமே. குறை கணிப்பொறியில் இல்லை, எங்கள் வீட்டில்தான் இருக்கிறது என்று அப்போதே தெளிந்தது.

அடுத்த நாள் எங்கள் ஊர் எலக்ட்ரீசியன் அண்ணனை அழைத்தோம். 230 வோல்ட்டை அளப்பது சிறுமியரின் வேலை அன்று என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கணிப்பொறியை அணைத்துவிட்டு, ராடை மட்டும் ஓடவிட்டு அவர் மல்டிமீட்டரால் அளந்தார். மீட்டர் பெட்டியருகே 218 வோல்ட். அறையிலுள்ள பிளக்கில் 194 வோல்ட். அந்த எண்ணும் நிலையாக நில்லாமல் ஆடியது. ராடை அணைத்ததும் அறையிலும் 217 ஆயிற்று.

எங்கள் பழைய பெட்டியின் சின்ன எழுத்தில், அது ஏற்கும் மின்னழுத்தம் 200 முதல் 240 வோல்ட் என்று இருந்தது. 194 அதற்குக் கீழே. மேலும் மின்சாரம் நொடிப்பொழுது விட்டுவிட்டு வந்தால் பெட்டியிலுள்ள மின்தேக்கி தன் சேமிப்பைக் கொடுத்துத் தாங்கும். ஆனால் முழுச் சுமையில் அது தாங்குவது ஏறத்தாழ 16 மில்லிநொடி. 50 முறை அலையும் மின்சாரத்தில் ஒரு முழு அலைக்கே 20 மில்லிநொடி ஆகும். ஓர் அலை தவறினால் கணிப்பொறி அணையக்கூடும். விளக்கு சிமிட்டுவதோடு நிற்கிறது, கணிப்பொறியோ மடிந்துவிடுகிறது.

24 வோல்ட் எங்கே போயிற்று?

மீட்டர் பெட்டியில் 218, அறையில் 194. நடுவில் காணாமற்போன 24 வோல்ட் எங்கே? இங்கேதான் நம் பாடப் புத்தகம் எங்கள் வீட்டுக்குள் வந்தது.

ராடின் அளவு 230 வோல்ட்டில் 1000 வாட். ஆகவே அதன் மின்தடை ஏறத்தாழ 53 ஓம். 194 வோல்ட்டில் அதன் வழியாக ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 3.7 ஆம்பியர். இந்த 3.7ஐக் காணாமற்போன 24 வோல்ட்டால் பெருக்கினேன். 88 வாட்! கம்பியின் ஏதோ ஓரிடத்தில் 88 வாட் வெப்பம் வெளியாகிக்கொண்டிருந்தது. ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கும் பற்றவைப்புக் கோல் 25 வாட்தான். அப்படிப்பட்ட மூன்றரைக் கோல்களின் சூடு எங்கள் சுவருக்குள் எரிந்துகொண்டிருந்தது.

எலக்ட்ரீசியன் அண்ணன் மீட்டருக்கு அப்பாலுள்ள பழைய மரப்பெட்டியைத் திறந்தார். அங்கே பல ஆண்டுகளுக்கு முன் அலுமினியக் கம்பியையும் செம்புக் கம்பியையும் வெறுமனே முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியிருந்தார்கள். இவ்விரு உலோகங்களையும் நேராகச் சேர்த்து ஈரம்பட விட்டால் சேருமிடம் அரிக்கும். நமது மலையின் மூடுபனியைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அரித்த இடத்தில் மின்தடை கூடும். தடை கூடினால் வெப்பம் கூடும். வெப்பத்தால் இணைப்பு மேலும் தளரும். டேப் உருகியிருந்தது. மரம் கறுத்துக் கரியாகியிருந்தது.

அந்தப் பெட்டிக்கு மறுபக்கம்தான் என் தம்பி படுத்துறங்கும் இடம். மேலே மரக்கூரை. அம்மா சிறிது நேரம் பேசவேயில்லை. பிறகு தம்பியை அருகில் இழுத்து அணைத்துக்கொண்டார்.

தோழியரே, ஒன்றை நினைத்துப் பாருங்கள். நாங்கள் கேள்வி கேட்காமல் விதைப்பூண்டை விற்றுப் புதிய பெட்டியை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றைய நல்ல பெட்டிகள் பல 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும். 194 வோல்ட்டில் அது மகிழ்ச்சியாக ஓடியிருக்கும். கணிப்பொறி அணைவது நின்றிருக்கும். நாங்களும் கடைக்காரரைப் புகழ்ந்திருப்போம். சுவருக்குள் மரம் மட்டும் நாள்தோறும் கரிந்துகொண்டே இருந்திருக்கும். மேலும் இத்தகைய பெட்டி மின்னழுத்தம் குறையும்போது தன் தேவையை நிறைவு செய்ய மின்னோட்டத்தைக் கூட்டி எடுக்கும். அதனால் தளர்ந்த இணைப்பு இன்னும் சூடாகும். எங்கள் வீட்டில் ஆபத்தை முறையிட்டுக்கொண்டிருந்தது அந்தப் பழைய கணிப்பொறி ஒன்றுதான். அதன் வாயை அடைக்கவே நாங்கள் பணம் செலவழிக்க இருந்தோம்!

புதிய கம்பி, முறையான இணைப்பான், புதிய சுவிட்ச், கூலி எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய் ஆயிற்று. அன்று மாலை ராடு ஓடியபோதும் அறையில் 216 வோல்ட் இருந்தது. அன்று முதல் கணிப்பொறி அணையவில்லை. விதைப்பூண்டு பரணிலேயே இருந்தது. உரிய காலத்தில் நிலத்துக்குச் சென்றது.

எங்கள் முடிவு

அப்பா என்னைக் கூப்பிட்டு, “இப்போ சொல்லு பாப்பா, பெட்டி வாங்கணுமா வேண்டாமா?” என்று கேட்டார். நான் நோட்டைப் பார்த்துச் சொன்னேன்.

இப்போது வேண்டாம். 122 வாட் தேவைக்கு இருக்கும் பெட்டி போதும். அண்ணனின் தொழில் வளர்ந்து கிராபிக்ஸ் கார்டு வாங்கும் நாளில் பெட்டியையும் சேர்த்து மாற்ற வேண்டும். அப்போதும் 650 வேண்டாம். 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் போலத் தரக்கூடிய உண்மையான 450 வாட் பெட்டி போதும். 12ஐ 36ஆல் பெருக்கினால் 432 வாட் வருகிறது. அதே 450 என்னும் பெரிய எழுத்து. ஆனால் பழைய பெட்டியின் 180 எங்கே, இந்த 432 எங்கே!

அதற்கு முன் ஒரு செலவு உண்டு. எங்கள் யு.பி.எஸ். பேட்டரி செத்து மூலையில் கிடந்தது. மலையில் காற்றும் மழையும் வந்தால் மரம் சாய்ந்து மின்சாரம் நிற்பது நமக்குப் புதிதன்று. 2018 ஆம் ஆண்டு நவம்பரில் கஜா புயல் நம் மலைப்பகுதியைத் தாக்கியதை நம் பெற்றோர் மறக்கமாட்டார்கள். எத்தனை வாட் பெட்டி போட்டாலும் மின்சாரமே நின்றால் கணிப்பொறி அணையும். வேலையைச் சேமித்து முறையாக அணைக்கச் சில நிமிடம் தருவது யு.பி.எஸ். ஒன்றே. ஆகவே ஏறத்தாழ ஆயிரம் ரூபாயில் அதற்குப் பேட்டரி வாங்கினோம்.

மின்சாரச் சிக்கனத்துக்காகப் பெட்டி மாற்றலாமா என்றும் கணக்கிட்டேன். நல்ல பெட்டிகளுக்கு “80 பிளஸ்” என்னும் தரக்குறி தரும் திட்டம் 2004 ஆம் ஆண்டில் தொடங்கியது. எடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு எண்பது பங்கையாவது பயனாக்கித் தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. பழைய பெட்டி நூற்றுக்கு எழுபது தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கணிப்பொறிக்கு 100 வாட் தேவைப்படும்போது பழையது 143 வாட் எடுக்கும். புதியது 125 வாட் எடுக்கும். மிச்சம் 18 வாட். நாளுக்கு ஆறு மணி நேரம், இரண்டு மாதத்துக்கு அறுபது நாள் என்று பெருக்கினால் ஆறரை யூனிட்தான் வரும். இந்தச் சிறு மிச்சத்துக்காக மட்டும் ஓடுகின்ற பெட்டியை மாற்றுவது வீண். மாற்றும் நாள் வந்தால் மட்டும் தரக்குறி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மலைவாழ் தோழியருக்குச் சில குறிப்புகள்

கொடைக்கானல் நகரம் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. விசிறி தள்ளும் காற்று அந்த அளவுக்குக் குறைவான வெப்பத்தையே எடுத்துச் செல்லும். நம் குளிர் இதை ஓரளவு ஈடுசெய்கிறது. ஆனாலும் பெட்டியின் பின்புறத்தைச் சுவரோடு ஒட்டி வைக்கலாகாது. தூசி அடைக்க விடலாகாது. சில மின்கருவிகளில் மலைப்படமும் 2000 மீட்டர் என்ற குறிப்பும் இருக்கும். அதற்கு மேற்பட்ட உயரத்துக்கு அக்கருவி உரியதன்று என்பது அதன் பொருள். மெல்லிய காற்றில் மின்பொறி எளிதில் தாவும் என்பதே காரணம். வாங்கும்போது அதையும் பாருங்கள்.

குளிர்ந்த கணிப்பொறியை ஈரமான அறைக்குள் கொண்டுவந்த உடனே போடாதீர்கள். உள்ளே நீர்த்துளி படிந்திருக்கலாம். சிறிது நேரம் கழித்துப் போடுங்கள்.

எக்காரணம் கொண்டும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும். உயிருக்கே ஆபத்து. கருகிய வாடை, பட்பட் என்னும் ஓசை, வீங்கிய பெட்டி ஆகியவற்றைக் கண்டால் கணக்குப் போட வேண்டியதில்லை. உடனே அணைத்துவிட்டுப் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். சிமிட்டும் விளக்கையும் சூடாகும் சுவிட்சையும் பழகிப்போயிற்று என்று விட்டுவிடாதீர்கள். பெரியவரிடம் சொல்லுங்கள்.

முடிவுரை

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தில் மருத்துவருக்குச் சொன்ன முறையை நாம் மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றிருக்கிறோம். முதலில் நோய், பிறகு அதன் காரணம், அதன் பிறகே மருந்து. எங்கள் வீட்டில் அந்த வரிசையை மாற்ற இருந்தோம். ஐயாயிரம் ரூபாய் மருந்து வீண்போயிருக்கும் என்பது சிறிய இழப்பு. நோய் உள்ளேயே வளர்ந்திருக்கும் என்பதுதான் பெரிய இழப்பு.

மின்னழுத்தமும் மின்னோட்டமும் பெருக்கினால் மின்திறன் என்பதைத் தேர்வுக்காகவே நான் எழுதிப் பழகினேன். ஒரு மாலையில் அந்த ஒரு பெருக்கல் என் தம்பி உறங்கும் சுவருக்குள் நெருப்பு இருப்பதை எனக்குக் காட்டியது. அன்று முதல் அந்தப் பாடத்தை நான் வெறும் பாடமாகப் படிப்பதில்லை. நீங்களும் இன்று வீட்டுக்குச் சென்றதும் உங்கள் வீட்டு மின்பெட்டியைப் பெரியவர் ஒருவரோடு சென்று பாருங்கள். ஒரு நல்ல எலக்ட்ரீசியனைக் கொண்டு சோதித்துக்கொள்ளுங்கள். அதுவே இக்கட்டுரைக்கு நீங்கள் தரும் பரிசாகும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, பள்ளங்கி